எஃப்எஸ்சிகே

எஃப்எஸ்சிகே என்பது யுனிக்ஸ் மற்றும் யுனிக்ஸ் போன்ற இயங்குதளங்களில் கோப்பு முறைமையின் உள் ஒழுங்கைச் சோதித்து, முரண்பாடுகள் காணப்படின் அவற்றைத் திருத்தப் பயன்படும் நிரல் ஆகும். "ஃபைல் சிஸ்டம் செக்" என்பதன் சுருக்கமே இப்பெயர். மின்தடை, இயங்குதளத்தின் திடீர் முடக்கம், வன்பொருள் கோளாறு ஆகியவற்றுக்குப் பின்னர் கணினியை மீண்டும் தொடக்கும்போது இந்நிரல் இயக்கப்படுகிறது. எம்எஸ்-டாஸ், விண்டோஸ் ஆகியவற்றில் உள்ள செக்டிஸ்க், ஸ்கேன்டிஸ்க் ஆகிய நிரல்கள் ஏறத்தாழ இதே பணியைச் செய்பவை.

இந்நிரலின் நோக்கம் பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. எஃப்எஸ்சிகே இழந்த தரவுகளை மீட்டெடுக்கும் நிரல் அன்று. கோப்பு முறைமையின் கணக்குகளை ஒன்றோடொன்று பொருந்தச் செய்வதே அதன் வேலை. கணக்கு பொருந்துவதற்காக ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தால் அது அவ்வாறே பரிந்துரைக்கும். எனவே பழைய யுனிக்ஸ் கணினி ஒன்றில் இதனைப் பயன்படுத்துவோர், அது கேட்கும் ஒவ்வொரு கேள்வியின் பொருளையும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இக்கட்டுரையில் கட்டளைகளின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. யுனிக்ஸ் இயங்குதளம் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கருதும் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

வரலாறு

தொடக்ககால யுனிக்ஸ் பதிப்புகளில் இப்பணிக்கெனத் தனித்தனியான சிறு நிரல்கள் இருந்தன. ஐசெக் என்னும் நிரல் ஒவ்வொரு கோப்பும் பயன்படுத்தும் வட்டுத் தொகுதிகளைக் கணக்கெடுத்தது. டிசெக் என்னும் நிரல் அடைவுகளில் உள்ள பெயர்களையும் கோப்புகளின் இணைப்பு எண்ணிக்கையையும் ஒப்பிட்டது. என்செக் ஒரு கோப்பின் எண்ணைக் கொண்டு அதன் பெயரைக் கண்டறிந்தது. சிஎல்ஆர்ஐ ஒரு கோப்பின் விவரப் பதிவை வெறுமையாக்கியது. 1979 ஆம் ஆண்டு வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸிலும் இந்நிரல்களே இருந்தன. பிழைகளைக் கண்டு சொல்வதோடு இவை பெரும்பாலும் நின்றுவிடும். எந்தப் பிழையை எந்த வரிசையில் திருத்துவது என்பதைக் கணினி நிர்வாகியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. வரிசை தவறினால் சேதம் மேலும் பெருகும்.

இந்நிலையை மாற்றியவர் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டி. ஜே. கோவால்ஸ்கி ஆவார். அவர் எழுதிய எஃப்எஸ்சிகே நிரலும் அதனை விளக்கும் ஆவணமும் 1978 ஆம் ஆண்டைச் சார்ந்தவை. சிதறிக் கிடந்த சோதனைகள் அனைத்தையும் அவர் முறையான கட்டங்களாக வகுத்து ஒரே நிரலில் அமைத்தார். அன்றைய பிடிபி-11 கணினிகளில் ஒரு நிரல் தன் தரவுக்குப் பயன்படுத்தக்கூடிய முகவரிவெளி 64 கிலோபைட்டு மட்டுமே. பெரிய வட்டுகளைச் சோதிக்க இது போதாமையால் நிரல் தன் கணக்குகளைத் தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதிவைத்தது. அந்தத் தற்காலிகக் கோப்பு, சோதிக்கப்படும் கோப்பு முறைமையில் இருத்தல் கூடாது என்பது விதி.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான பிஎஸ்டி யுனிக்ஸில் கோப்பு முறைமை முற்றிலும் புதிதாக வடிவமைக்கப்பட்டு, 1983 ஆம் ஆண்டின் 4.2பிஎஸ்டி பதிப்பில் வெளியானது. விரைவுக் கோப்பு முறைமை எனப்படும் இவ்வமைப்புக்கு ஏற்ப மார்ஷல் கிர்க் மெக்குசிக் எஃப்எஸ்சிகே நிரலைத் திருத்தியமைத்தார். கோவால்ஸ்கியின் ஆவணமும் அவரால் விரிவாக்கப்பட்டது. சன்ஓஎஸ், சோலாரிசு, ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி முதலியவற்றின் யுஎஃப்எஸ் கோப்பு முறைமையும் அதன் சோதனை நிரலும் இந்த வழியில் வந்தவையே.

கோப்பு முறைமையின் அமைப்பு

எஃப்எஸ்சிகே தரும் செய்திகளைப் புரிந்துகொள்ளப் பின்வரும் உறுப்புகளை அறிதல் வேண்டும்.

* சூப்பர்பிளாக்: கோப்பு முறைமையின் மொத்த அளவு, தொகுதியின் அளவு, எஞ்சியுள்ள இடம் ஆகியவற்றைக் கூறும் தலைமைப் பதிவு. இது அழிந்தால் மற்றவை நலமாக இருப்பினும் கோப்பு முறைமையை அணுக இயலாது.
* ஐநோடு: ஒவ்வொரு கோப்புக்கும் உரிய விவரப் பதிவு. கோப்பின் வகை, உரிமையாளர், அனுமதிகள், அளவு, நேரங்கள், இணைப்பு எண்ணிக்கை, தரவு உள்ள தொகுதிகளின் எண்கள் ஆகியவை இதில் இருக்கும். கோப்பின் பெயர் இதில் இராது.
* அடைவு: பெயர்களையும் அவற்றுக்குரிய ஐநோடு எண்களையும் கொண்ட பட்டியல். இதுவும் ஒரு கோப்பே. ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் ஒரு பதிவு 16 பைட்டு நீளமுடையது. அதில் 2 பைட்டு ஐநோடு எண்ணுக்கும் 14 பைட்டு பெயருக்கும் உரியவை. பெர்க்லி அமைப்பில் 255 எழுத்துகள் வரை பெயர் வைக்கலாம்.
* தரவுத் தொகுதிகள்: கோப்பின் உள்ளடக்கம் எழுதப்படும் இடம். ஏழாம் பதிப்பில் ஒரு தொகுதி 512 பைட்டு அளவுடையது. பெர்க்லி அமைப்பில் இது 4096 அல்லது அதற்கு மேற்பட்ட பைட்டுகளாகும்.
* வெற்றிடப் பட்டியல்: எந்தத் தொகுதிகள் பயன்படுத்தப்படாமல் உள்ளன என்பதன் கணக்கு.

பெர்க்லி அமைப்பில் வட்டு பல உருளைக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவிலும் சூப்பர்பிளாக்கின் படி ஒன்று வைக்கப்படுகிறது. இப்படிகள் வட்டின் ஒரே தகட்டிலோ ஒரே தடத்திலோ அமையாதவாறு சற்றுச் சற்று விலக்கி வைக்கப்பட்டன. ஒரு தகடு முழுவதும் பழுதானாலும் ஏதேனும் ஒரு படி எஞ்ச வேண்டும் என்பதே இதன் நோக்கம். யுஎஃப்எஸ்ஸில் முதல் மாற்றுப் படி வழக்கமாக 32 ஆம் வட்டுக்கூறில் இருக்கும். சூப்பர்பிளாக்கை அடையாளம் காண உதவும் எண், பதினறும முறையில் 011954 ஆகும். இது மெக்குசிக்கின் பிறந்த நாளான 1954 சனவரி 19 ஐக் குறிக்கிறது.

பிழைகள் தோன்றுவதற்கான காரணங்கள்

வட்டில் எழுதுவது நினைவகத்தில் எழுதுவதை விடப் பன்மடங்கு மெதுவானது. ஆகவே யுனிக்ஸ் கருனி மாற்றங்களை உடனே வட்டில் எழுதாமல் பஃபர் கேஷ் எனப்படும் நினைவகப் பகுதியில் சேர்த்து வைக்கிறது. பழைய யுனிக்ஸில் 30 நொடிகளுக்கு ஒருமுறை இவை வட்டுக்கு அனுப்பப்பட்டன. இடையில் மின்சாரம் நின்றால், ஒன்றோடொன்று தொடர்புடைய மாற்றங்களில் சில வட்டை அடைந்தும் சில அடையாமலும் போகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு புதிய கோப்பை உருவாக்கும்போது ஐநோடு நிரப்பப்படுகிறது. அடைவில் பெயர் சேர்க்கப்படுகிறது. வெற்றிடப் பட்டியலில் இருந்து தொகுதிகள் கழிக்கப்படுகின்றன. இம்மூன்றும் முற்றுப்பெறாத நிலையில் கணினி நின்றால் பின்வரும் விளைவுகள் ஏற்படலாம்.

1. ஐநோடு எழுதப்பட்டு, அடைவுப் பதிவு எழுதப்படாவிடின் கோப்பு இருக்கும். ஆனால் பெயர் இராது. இது உரிமை கோரப்படாத கோப்பு எனப்படும்.
2. அடைவுப் பதிவு எழுதப்பட்டு, ஐநோடு எழுதப்படாவிடின் பெயர் இருக்கும், கோப்பு இராது.
3. வெற்றிடப் பட்டியல் மட்டும் எழுதப்படாவிடின், பயன்பாட்டில் உள்ள தொகுதி காலியானது எனக் கணக்கில் நிற்கும்.

இவற்றுள் மூன்றாவதே மிகவும் ஆபத்தானது. சோதனை செய்யாமல் கணினியைத் தொடர்ந்து இயக்கினால், காலியானது எனத் தவறாகக் குறிக்கப்பட்ட அத்தொகுதி வேறொரு கோப்புக்கு வழங்கப்படும். இரு கோப்புகள் ஒரே தொகுதியில் எழுதத் தொடங்கும். ஒன்றைச் சேமிக்கும்போதெல்லாம் மற்றொன்று சிதையும். முதல் நாளில் எளிதில் திருத்தக்கூடியதாக இருந்த பிழை, சில நாட்களில் மீட்க இயலாத இழப்பாகிவிடுகிறது. முறையாக நிறுத்தப்படாத கணினியைச் சோதனை முடியும் வரை வழக்கமான பயன்பாட்டுக்கு விடக்கூடாது என்ற விதியின் காரணம் இதுவே.

இதனை உணர்ந்த பெர்க்லி வடிவமைப்பாளர்கள் எழுதும் வரிசையைக் கட்டுப்படுத்தினர். கோப்பை உருவாக்கும்போது ஐநோடு முதலிலும் அடைவுப் பதிவு பின்னரும் எழுதப்படும். நீக்கும்போது அடைவுப் பதிவு முதலில் அகற்றப்படும். இவ்வொழுங்கினால் மின்தடையின் விளைவாகத் தோன்றும் பிழைகள் ஒரு சில வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அவ்வகைகளுக்கு அப்பாற்பட்ட பிழை ஒன்று காணப்படின், வன்பொருள் கோளாறோ கருனியின் வழுவோ இருக்கக்கூடும் என ஐயுறலாம்.

பழைய கணினிகளில் வன்பொருள் காரணங்களும் மிகுதி. தேய்ந்துபோன வன்தட்டு, தளர்ந்த வடம், ஸ்கசி இணைப்பின் இரு முனைகளிலும் இருக்க வேண்டிய முடிப்பான் இல்லாமை, பழுதடைந்த நினைவகச் சில்லு ஆகியவை கோப்பு முறைமைப் பிழைகளாகவே வெளிப்படும். இந்நிலையில் எஃப்எஸ்சிகே எத்தனை முறை இயக்கப்பட்டாலும் புதிய பிழைகள் தோன்றிக்கொண்டே இருக்கும்.

சோதனையின் கட்டங்கள்

யுஎஃப்எஸ் கோப்பு முறைமையில் சோதனை ஐந்து கட்டங்களாக நடைபெறுகிறது.

முதற் கட்டம் - தொகுதிகளும் அளவுகளும்: அனைத்து ஐநோடுகளும் வரிசையாகப் படிக்கப்படுகின்றன. ஒவ்வொரு ஐநோடும் உரிமை கோரும் தொகுதி எண்களைக் கொண்டு நிரல் தனக்கென ஒரு வரைபடத்தை உருவாக்குகிறது. கோப்பு முறைமையின் எல்லைக்கு அப்பாற்பட்ட எண் காணப்படின் "பேட்" என்றும், ஏற்கனவே வேறொரு ஐநோடு உரிமை கோரிய எண் காணப்படின் "டூப்" என்றும் அறிவிக்கப்படும். டூப் இருந்தால், அத்தொகுதியை முதலில் கோரிய ஐநோடைக் கண்டறிய "1பி" எனப்படும் மறுபார்வை நடைபெறும். ஒரே ஐநோடில் பத்துக்கு மேற்பட்ட தவறான எண்கள் இருந்தால் அந்த ஐநோடு முழுவதும் குப்பையாக இருக்கலாம் எனக் கருதப்படும்.

இரண்டாம் கட்டம் - பாதைப் பெயர்கள்: மூல அடைவிலிருந்து தொடங்கி அடைவுகள் சோதிக்கப்படுகின்றன. மூல அடைவின் ஐநோடு எண் எப்போதும் 2 ஆகும். இல்லாத ஐநோடைக் குறிக்கும் பெயர்களை நீக்கலாமா எனக் கேட்கப்படும். ஒவ்வோர் அடைவிலும் தன்னையும் தாய் அடைவையும் குறிக்கும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளிப் பதிவுகளும் சரிபார்க்கப்படும்.

மூன்றாம் கட்டம் - தொடர்பு: மூல அடைவிலிருந்து சென்றடைய முடியாத அடைவுகள் கண்டறியப்பட்டு, லாஸ்ட்+ஃபவுண்ட் என்னும் சிறப்பு அடைவில் சேர்க்கப்படுகின்றன.

நான்காம் கட்டம் - இணைப்பு எண்ணிக்கை: ஓர் ஐநோடுக்கு எத்தனை பெயர்கள் இருப்பதாக அதில் குறிக்கப்பட்டுள்ளது, உண்மையில் எத்தனை பெயர்கள் காணப்பட்டன என்பவை ஒப்பிடப்படுகின்றன. பெயரே இல்லாத கோப்புகள் "அன்ரெஃப்" என அறிவிக்கப்பட்டு, லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவில் சேர்க்கலாமா எனக் கேட்கப்படும். மறுத்தால், அக்கோப்பை அழிக்கலாமா என அடுத்த கேள்வி எழும்.

ஐந்தாம் கட்டம் - உருளைக் குழுக்கள்: முதற் கட்டத்தில் உருவாக்கிய வரைபடத்துடன் வட்டில் உள்ள வெற்றிடக் கணக்கு ஒப்பிடப்பட்டு, வேறுபாடு இருந்தால் புதிதாக எழுதப்படுகிறது. கோவால்ஸ்கியின் பழைய நிரலில் இது வெற்றிடப் பட்டியலைச் சோதிக்கும் கட்டமாகும். பட்டியலைப் புதிதாக அமைக்க ஆறாம் கட்டம் ஒன்றும் இருந்தது.

கோப்புகளின் உள்ளடக்கத்தை எஃப்எஸ்சிகே எந்தக் கட்டத்திலும் படிப்பதில்லை. ஐந்து கட்டங்களும் பிழையின்றி முடிந்தாலும், ஒரு கடிதத்தின் நடுவே வேறொரு கோப்பின் வரிகள் கலந்திருக்கலாம். அதனை இந்நிரலால் அறிய இயலாது.

இயக்கும் முறைகள்

எஃப்எஸ்சிகே நிரலை நான்கு வகையாக இயக்கலாம்.

* ப்ரீன் முறை: கணினி தொடங்கும்போது தானாக இயங்குவது. உரிமை கோரப்படாத ஐநோடு, கூடுதலாக உள்ள இணைப்பு எண்ணிக்கை, வெற்றிடக் கணக்கில் விடுபட்ட தொகுதி, வெற்றிடக் கணக்கிலும் கோப்பிலும் ஒருங்கே உள்ள தொகுதி, சூப்பர்பிளாக்கில் தவறான எண்ணிக்கை ஆகியவற்றை மட்டுமே இது திருத்தும். வேறு பிழை எதுவும் தென்பட்டால், "எதிர்பாராத முரண்பாடு, நிரலைக் கைமுறையாக இயக்குக" என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அறிவித்து நின்றுவிடும். கணினியும் ஒற்றைப் பயனர் நிலையிலேயே நிற்கும்.
* வினா முறை: ஒவ்வொரு திருத்தத்துக்கும் அனுமதி கேட்பது.
* "என்" தெரிவு: எல்லாக் கேள்விகளுக்கும் இல்லை என விடை கொள்வது. வட்டில் எதுவும் எழுதப்படாது.
* "ஒய்" தெரிவு: எல்லாக் கேள்விகளுக்கும் ஆம் என விடை கொள்வது.

நூற்றுக்கணக்கான கேள்விகள் எழும்போது "ஒய்" தெரிவை நாடுவது இயல்பு. எனினும் டூப் வகைப் பிழைகளில் பழைய நிரல் ஒரே தொகுதியைக் கோரும் கோப்புகள் அனைத்தையும் நீக்கவே பரிந்துரைக்கும். அவற்றுள் ஒன்று முற்றிலும் நலமாக இருக்கலாம். ஆகவே பெறுமதியான தரவுகள் உள்ள வட்டில் முதலில் "என்" தெரிவுடன் இயக்கி, பிழைகளின் தன்மையை அறிந்த பின்னரே திருத்தத்தில் இறங்குவது நன்று.

பழைய கணினியில் பின்பற்ற வேண்டிய படிமுறை

பின்வரும் வரிசை சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் போன்ற கணினிகளுக்குப் பொருந்துவது. பிறவற்றுக்கும் கோட்பாடு இதுவே.

1. திரையில் தோன்றிய செய்தியை முழுமையாகக் குறித்துக்கொள்ளல். எந்த வட்டுப்பிரிவு, எந்த ஐநோடு எண் என்பன பின்னர் தேவைப்படும்.

2. கணினியை ஒற்றைப் பயனர் நிலையில் தொடக்கல். ஸ்பார்க்ஸ்டேஷனில் ஸ்டாப் விசையையும் ஏ விசையையும் ஒருசேர அழுத்தினால் ஓப்பன்பூட் உள்ளீட்டு வரி தோன்றும். அங்கு பூட் கட்டளையுடன் "எஸ்" தெரிவைத் தர வேண்டும். மூல வட்டுப்பிரிவே தொடங்க மறுத்தால் நிறுவல் குறுவட்டிலிருந்து இதே தெரிவுடன் தொடக்கலாம். ஸ்டாப்-ஏ இயங்கும் கணினியை அந்த நொடியிலேயே நிறுத்திவிடும் என்பதால், வேறு வழியில்லாதபோதே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

3. வன்தட்டு நலமாக உள்ளதா எனத் தீர்மானித்தல். படிக்க இயலவில்லை என்னும் உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழைகள் காணப்பட்டாலோ, வட்டிலிருந்து வழக்கமற்ற ஒலி வந்தாலோ திருத்தத்தைத் தொடங்கக் கூடாது. முதலில் டிடி கட்டளையால், பிழை வந்தாலும் நிறுத்தாமல் படிக்கும் தெரிவுடனும் படிக்க இயலாத இடத்தைச் சுழியங்களால் நிரப்பும் தெரிவுடனும், முழு வட்டுப்பிரிவையும் வேறொரு நல்ல வட்டுக்கு நகலெடுக்க வேண்டும். பின்னர் அந்த நகலின் மீதே எஃப்எஸ்சிகே இயக்கப்பட வேண்டும். சாகும் நிலையில் உள்ள வட்டில் எழுதுவது எஞ்சியதையும் இழக்கச் செய்யும்.

4. கோப்பு முறைமையை இறக்குதல். ஏற்றப்பட்டுப் பயன்பாட்டில் உள்ள கோப்பு முறைமையில் எஃப்எஸ்சிகே ஒருபோதும் எழுதக்கூடாது. கருனி தன் நினைவகத்தில் ஒரு கணக்கை வைத்திருக்க, நிரல் வட்டில் வேறொரு கணக்கை எழுதும். இரண்டும் மோதும்போது நலமான கோப்பு முறைமையும் சிதைந்துவிடும்.

5. "என்" தெரிவுடன் ஒருமுறை இயக்கிப் பார்த்தல். யுஎஃப்எஸ்ஸில் இதற்கு பஃபர் கேஷ் வழியாகச் செல்லாத மூலச் சாதனத்தின் பெயரைத் தருவது வழக்கம். சன்ஓஎஸ்ஸிலும் சோலாரிசிலும் இதன் பெயர் "ஆர்" என்னும் எழுத்தை முன்னொட்டாகக் கொண்டிருக்கும்.

6. சூப்பர்பிளாக்கைப் படிக்க இயலவில்லை என வந்தால் மாற்றுப் படியைப் பயன்படுத்தல். யுஎஃப்எஸ்ஸில் 32 ஆம் வட்டுக்கூறினை முதலில் முயலலாம். அதுவும் பழுதெனில் நியூஎஃப்எஸ் கட்டளையைப் பெரிய எழுத்து "என்" தெரிவுடன் இயக்கினால், ஏனைய படிகள் உள்ள இடங்களின் பட்டியல் கிடைக்கும். இங்கு மிகுந்த கவனம் தேவை. அத்தெரிவை விட்டுவிட்டால் இதே கட்டளை வட்டுப்பிரிவில் வெற்றுக் கோப்பு முறைமை ஒன்றைப் புதிதாக உருவாக்கிவிடும். மேலும், முன்னர் கோப்பு முறைமையை உருவாக்கியபோது தந்த அதே அளவுகளைத் தந்தால் மட்டுமே பட்டியல் சரியாக இருக்கும்.

7. வினா முறையில் இயக்கித் திருத்தல். டூப் எனக் குறிக்கப்பட்ட ஐநோடுகளின் உரிமையாளர், அளவு, கடைசியாக மாற்றிய நேரம் ஆகியவை திரையில் காட்டப்படும். ஐயம் இருப்பின் நீக்க மறுத்துவிட்டு, கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் இயலும் நிலையில் ஏற்றி, அக்கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்த பின் மீண்டும் தொடங்கலாம்.

8. பிழை எதுவும் இல்லை என வரும் வரை மீண்டும் இயக்கல். ஒரு திருத்தம் மற்றொரு முரண்பாட்டை வெளிக்கொணர்வது உண்டு.

9. திருத்தப்பட்டது மூல வட்டுப்பிரிவாக இருந்தால், சிங்க் கட்டளையைத் தராமல் உடனே கணினியை மீள்தொடக்கல். வழக்கமாகக் கணினியை நிறுத்துமுன் சிங்க் தருவதே நல்ல பழக்கம். ஆனால் இந்த ஒரு நேரத்தில் மட்டும் அது தீங்கானது. கருனியின் நினைவகத்தில் உள்ள பழைய சூப்பர்பிளாக், வட்டில் திருத்தப்பட்டதன் மேல் எழுதப்பட்டு முழு உழைப்பும் வீணாகும். பழைய நிரல்கள் இறுதியில் "சிங்க் இன்றித் தொடக்குக" என்னும் பொருளில் எச்சரித்தது இதனாலேயே.

லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவு

பெயரிழந்த கோப்புகள் வைக்கப்படும் இவ்வடைவு ஒவ்வொரு கோப்பு முறைமையின் உச்சியிலும் இருக்கும். பழைய நிரல்களில் இது முன்கூட்டியே உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். போதிய வெற்றுப் பதிவுகளும் அதில் இருக்க வேண்டும். இதற்காக அடைவில் பல கோப்புகளை உருவாக்கி உடனே நீக்கும் வழக்கம் இருந்தது. 4.2பிஎஸ்டியில் எம்கேலாஸ்ட்+ஃபவுண்ட் என்னும் கட்டளை இதனைச் செய்தது. சிதைந்த கோப்பு முறைமையில் புதிய தொகுதியை ஒதுக்குவது பாதுகாப்பற்றது என்பதே காரணம்.

இங்கு சேர்க்கப்படும் கோப்புகளுக்கு ஐநோடு எண்ணே பெயராக அமையும். பெயர் அடைவில் இருந்ததால் அது மட்டுமே இழக்கப்பட்டது. உரிமையாளர், அளவு, நேரம் ஆகியவை ஐநோடில் இருப்பதால் மாறாமல் இருக்கும். இவற்றைக் கொண்டு கோப்பை அடையாளம் காணலாம். ஃபைல் கட்டளை உள்ளடக்கத்தை ஆராய்ந்து அது உரையா, நிரலா, படமா எனக் கூறும். ஸ்டிரிங்ஸ் கட்டளை இரும நிலைக் கோப்பில் உள்ள எழுத்துத் தொடர்களைக் காட்டும். ஓர் அடைவு முழுவதும் இங்கு வந்திருந்தால், அதனுள் உள்ள கோப்புகளின் பெயர்கள் அழியாமல் இருக்கும். அடைவுக்குப் பழைய பெயரைச் சூட்டி உரிய இடத்துக்கு நகர்த்தினால் போதும்.

பல பயனர்கள் உள்ள கணினியில் ஒவ்வொரு கோப்பையும் அதன் உரிமையாளரிடம் ஒப்படைப்பதே முறை. லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவை ஆராயாமல் வெறுமையாக்குவது, மீட்கப்பட்டதைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

லினக்ஸில்

லினக்ஸில் எஃப்எஸ்சிகே என்பது ஒரு முகப்பு நிரல் மட்டுமே. அது கோப்பு முறைமையின் வகையை அறிந்து உரிய நிரலை அழைக்கும். எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஆகியவற்றுக்கு இ2எஃப்எஸ்சிகே பயன்படுகிறது. தியோடோர் சோ இதன் முதன்மை ஆசிரியர் ஆவார். இதிலும் கட்டங்கள் ஐந்தே. டூப் வகைப் பிழையில் கோப்புகளை நீக்குவதற்குப் பதிலாக, பொதுவான தொகுதியைப் படியெடுத்து ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே வழங்கும் வசதி இதில் உண்டு. மாற்றுச் சூப்பர்பிளாக் 1 கிலோபைட்டுத் தொகுதி எனில் 8193 ஆம் தொகுதியிலும், 4 கிலோபைட்டுத் தொகுதி எனில் 32768 ஆம் தொகுதியிலும் இருக்கும்.

நிரல் முடியும்போது தரும் எண்ணிலிருந்து விளைவை அறியலாம். 0 எனில் பிழை இல்லை. 1 எனில் பிழைகள் திருத்தப்பட்டன. 2 எனில் கணினியை மீள்தொடக்க வேண்டும். 4 எனில் பிழைகள் திருத்தப்படாமல் எஞ்சியுள்ளன. 8 எனில் நிரலை இயக்குவதிலேயே சிக்கல் ஏற்பட்டது.

பழைய கணினியின் கடிகார மின்கலம் தீர்ந்துபோனால், கடைசியாக எழுதிய நேரம் வருங்காலத்தில் உள்ளது என இ2எஃப்எஸ்சிகே முறையிடக்கூடும். இது வட்டின் பழுது அன்று. கணினியின் நாளையும் நேரத்தையும் சரிசெய்தாலே போதுமானது.

பின்னாளைய மாற்றங்கள்

எஃப்எஸ்சிகே எல்லா ஐநோடுகளையும் அடைவுகளையும் படிக்க வேண்டியிருப்பதால், வட்டின் கொள்ளளவு பெருகப் பெருகச் சோதனை நேரமும் பெருகியது. பெரிய வழங்கிக் கணினிகள் மின்தடைக்குப் பின் மணிக்கணக்கில் பயன்படாமல் நின்றன. இதற்குத் தீர்வாகச் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் ஜர்னலிங் முறை பரவியது. மீள்தொடக்கத்தின்போது அக்குறிப்பேட்டைப் படித்தாலே போதுமானதாயிற்று. ஐபிஎம் நிறுவனத்தின் ஜேஎஃப்எஸ் 1990 ஆம் ஆண்டு ஏஐஎக்ஸ் 3.1 பதிப்பிலும், சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்எஃப்எஸ் 1994 ஆம் ஆண்டு ஐரிக்ஸ் 5.3 பதிப்பிலும் வெளியாயின. சோலாரிசு 7 பதிப்பில் 1998 ஆம் ஆண்டு யுஎஃப்எஸ்ஸுக்கு இவ்வசதி கிடைத்தது. லினக்ஸ் கருனியில் எக்ஸ்ட்3 2001 ஆம் ஆண்டு இடம்பெற்றது.

பிஎஸ்டி வழியில், எழுதும் வரிசையை நினைவகத்திலேயே கண்காணிக்கும் சாஃப்ட் அப்டேட்ஸ் முறையை கிரெகரி கேஞ்சரும் மெக்குசிக்கும் உருவாக்கினர். இதன் பயனாக 2003 ஆம் ஆண்டு வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி 5.0 பதிப்பில், கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் எஃப்எஸ்சிகே இயங்குவது சாத்தியமாயிற்று. 2005 ஆம் ஆண்டு சன் நிறுவனம் வெளியிட்ட இசட்எஃப்எஸ்ஸில் எஃப்எஸ்சிகே என ஒன்று இல்லை. அது இருக்கும் பதிவின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுகிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகையும் வைத்திருக்கிறது. பழைய எஃப்எஸ்சிகே அறிய இயலாத உள்ளடக்கச் சிதைவையும் இதன்மூலம் கண்டறியலாம்.

ஜர்னலிங் முறை மின்தடையிலிருந்தே காக்கிறது. வன்தட்டின் தேய்வையோ நினைவகத்தின் பழுதையோ அது தடுப்பதில்லை. எனவே இக்காலக் கோப்பு முறைமைகளுக்கும் முழுச் சோதனை நிரல்கள் உள்ளன. எக்ஸ்எஃப்எஸ்ஸில் எஃப்எஸ்சிகே என்னும் பெயரில் உள்ள நிரல் எதையும் செய்யாமல் முடிந்துவிடும். உண்மையான திருத்தத்துக்கு எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் என்னும் வேறு நிரல் உண்டு.

வரையறைகள்

எஃப்எஸ்சிகே கோப்பு முறைமையை முரண்பாடற்ற நிலைக்குக் கொண்டுவரும். பழைய நிலைக்குக் கொண்டுவராது. மேலெழுதப்பட்ட தொகுதியில் முன்பிருந்ததை எந்தச் சோதனை நிரலாலும் திரும்பத் தர இயலாது. அதனைத் தரக்கூடியது காப்புநகல் ஒன்றே. பழைய யுனிக்ஸ் கணினிகளில் டம்ப் கட்டளையால் நாடாவில் காப்புநகல் எடுப்பதும், ரெஸ்டோர் கட்டளையால் அதனை மீட்பதும் வழக்கமாக இருந்தன. அண்மைக் காப்புநகல் கையில் உள்ள நிர்வாகிக்கு எஃப்எஸ்சிகே கேட்கும் கேள்விகள் அச்சம் தருபவை அல்ல. அஃது இல்லாதவர், முதற் கேள்விக்கு விடை தருமுன் வட்டை நகலெடுத்துக்கொள்வதே பாதுகாப்பான வழியாகும்.

இவற்றையும் பார்க்க

* யுனிக்ஸ்
* கோப்பு முறைமை
* ஐநோடு
* பெர்க்லி மென்பொருள் பரவல்
* காப்புநகல்
* வன்தட்டு